ஒரு ஸ்கேன், இரண்டு ட்ரேசர்: விளம்பரம் அச்சடிக்கும் முன்பு

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் மாவட்டங்களில் பெட் ஸ்கேன் வைத்திருக்கிற, வைக்கப்போகிற மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அந்த மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மூளைக்கு ஒரே பெட் ஸ்கேனில் இரண்டு ட்ரேசர் (உடம்பில் செலுத்தி, எங்கே சேர்கிறது என்று பார்க்கும் கதிரியக்க மருந்து) போட்டு இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிவிடலாம் என்ற பேச்சு கருத்தரங்கு மேடையிலிருந்து இறங்கி, கொள்முதல் கூட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தொழிலிலேயே இருக்கிற நாங்கள் அதை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது எது, ஆராய்ச்சி என்று எழுதி அனுமதி வாங்கித்தான் தொட வேண்டியது எது, காசு கொடுக்கவே கூடாதது எது என்று பிரித்துச் சொல்வதே நோக்கம்.

தேவை உண்மையானது. ஞாபகமறதி வந்த அப்பாருவைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ வெள்ளெனக் கிளம்பி வருகிறவர்களுக்கு, மூளை சர்க்கரையை எடுப்பதைக் காட்டும் எஃப்.டி.ஜி.க்கு ஒரு நாள், அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு இன்னொரு நாள் என்றால் இரண்டு நாள் கூலி போகிறது, வாடகை வண்டி இரண்டு தடவை. ஒரே வருகையில் முடியுமென்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஒரே நாள் என்பது வேறு, ஒரே ஸ்கேன் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி விற்பதில்தான் எங்களுக்கு வருத்தம்.

முதலில் இயந்திரத்தின் பக்கம். ட்ரேசரில் உள்ள அணு ஒரு பாசிட்ரானை வெளிவிடுகிறது. அது பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது, ஆளுக்கு 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிராகப் பறக்கின்றன. ஃப்ளோரின்-18 ஆனாலும், காலியம்-68 ஆனாலும், கார்பன்-11 ஆனாலும் அதே 511தான். ஒற்றைக் காமாக் கதிரைப் பிடிக்கும் ஸ்பெக்ட் கேமராவில் டெக்னீஷியம்-99எம் 140இல் வரும், அயோடின்-123 159இல் வரும். ஆற்றலைப் பார்த்து ஓரளவு பிரிக்கலாம். பெட்டில் அந்த வசதியே கிடையாது. இரண்டு வீட்டுப் பாலைச் சொசைட்டி கேனில் ஊற்றிவிட்டு எந்தச் சொட்டு யார் வீட்டு மாட்டுடையது என்று கேட்பது போலத்தான் அது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது துப்பு வேண்டும்.

துப்பு மூன்று. பாதி ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், ஒன்று. மூளைக்குள் ட்ரேசர் வந்து தங்கிப் போகும் வேகம் இரண்டாவது. சில அணுக்கள் மட்டும் பாசிட்ரானோடு சேர்த்து வெளிவிடும் கூடுதல் காமா மூன்றாவது.

மூன்றாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அயோடின்-124 பாசிட்ரானோடு 603 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவையும் விடும். மூன்று கதிரையும் ஒரே நொடித்துகளில் பிடித்தால் அந்த அணுவைத் தனியாக அடையாளம் காணலாம். ஆய்வகங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனைகளில் இருக்கும் வழக்கமான ஸ்கேனர் இரண்டிரண்டு கதிரைத்தான் ஜோடி சேர்த்துப் பதிவு செய்கிறது. பதிவே ஆகாத தகவலை எந்த மென்பொருளும் பின்னால் வரவழைக்காது. இதைச் சொல்லி யாராவது விற்க வந்தால் கதவை மூடிவிடலாம்.

பாதி ஆயுளை வைத்துப் பிரிப்பது காகிதத்தில் எளிது. ஃப்ளோரின்-18க்கு 110 நிமிடம், காலியம்-68க்கு 68 நிமிடம். ஆனால் 20 நிமிட ஸ்கேனில் ஃப்ளோரின் 88 சதவீதமாகக் குறையும்போது காலியம் 81 சதவீதமாகக் குறைகிறது. ஒரு மணி நேரம் படுக்க வைத்தாலும் 68க்கும் 54க்கும் உள்ள வித்தியாசம்தான். படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் (வாக்சல்) இருக்கிற இரைச்சலுக்குள் இந்த வித்தியாசம் அமுங்கிவிடும். போதாக்குறைக்கு, மருந்து திசுவிலிருந்து கழுவப்பட்டுப் போவதும் பார்ப்பதற்குக் கதிரியக்கச் சிதைவு போலவே இருக்கும். தலைக்குப் பதிலாக வைக்கும் பிளாஸ்டிக் மாதிரியில் (ஃபாண்டம்) அழகாகப் பிரியும் படம் மனிதத் தலையில் பிரியாததற்கு இதுதான் காரணம். ஞாபகமறதி மருத்துவர்கள் அதிகம் கேட்கும் எஃப்.டி.ஜி.-அமிலாய்டு ஜோடியிலோ இரண்டுமே ஃப்ளோரின்-18. அங்கே பாதி ஆயுள் துளியும் உதவாது.

மிச்சம் இருப்பது வேகம். இது புதுச் சரக்கும் அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 1982லேயே இரட்டை ட்ரேசர் முறையை ஆராய்ந்து எழுதியது. 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இரண்டு கார்பன்-11 ட்ரேசர்களைச் சில நிமிட இடைவெளியில் செலுத்தி, ஒரே தொடர் ஸ்கேனில் பிரித்துக் காட்டினார்கள். முதல் ட்ரேசர் தனியாக இருக்கும் நிமிடங்களில் அதன் வளைவைப் பிடித்து, அது மேலே எப்படிப் போகும் என்று கணித்து, இரண்டாவது வந்த பின் மொத்தத்திலிருந்து பிரிப்பது முறை. ஒவ்வொரு ட்ரேசருக்கும் மூன்று நான்கு வேகமாறிலிகள். இரண்டுக்கும் சேர்த்து ஆறு எட்டு தெரியாத எண்கள். கையில் இருப்பது ஒரே ஒரு வளைவு. இதற்கு ரத்தத்தில் உள்ள அளவும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தமனியில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலும் இரண்டும் கலந்தேதான் இருக்கும். அதையும் பிரிக்க வேண்டும். அங்கே இதைச் செய்தவர்களுக்குக் கட்டிடத்துக்குள்ளேயே இந்த அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானும், வளைவுகளைப் பொருத்தவே ஆட்களும் இருந்தார்கள்.

இங்கே சாலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோவையிலிருந்து சேலத்துக்கு டோஸ் வண்டி மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஃப்ளோரின்-18இல் மூன்றில் ஒரு பங்கு சேரும். 20 நிமிடப் பாதி ஆயுள் உள்ள கார்பன்-11 நானூற்றைம்பதில் ஒரு பங்காகிவிடும். இரண்டு நிமிட ஆக்சிஜன்-15ஐப் பற்றி, சைக்ளோட்ரான் பக்கத்து அறையில் இல்லாதவர்கள் பேசவே வேண்டாம். ஆக, சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைக்குக் கைக்கு எட்டுவது இரண்டுதான்: வண்டியில் வரும் ஃப்ளோரின்-18, கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறையான ஹாட் லேபில் ஜெனரேட்டரிலிருந்து கறக்கும் காலியம்-68. இந்த இரண்டையும் வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒரே ட்ரேசரில் இரண்டு படம். அமிலாய்டு ட்ரேசர் ரத்தத்தோடு மூளைக்குள் நுழையும் முதல் பத்து நிமிடத்தில் அதன் பரவல் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிறது. எஃப்.டி.ஜி. படத்தில் மங்கித் தெரியும் இடங்கள் இதிலும் பெரும்பாலும் மங்கித் தெரியும். பிறகு 90 நிமிடம் கழித்து எடுக்கும் படம் அமிலாய்டைக் காட்டும். கூடுதல் மருந்து இல்லை, கூடுதல் ஊசி இல்லை. ஞாபகமறதி நோயாளிகள் பலருக்கு இரண்டு ட்ரேசர் கேட்பதன் நோக்கமே இதில் நிறைவேறிவிடும். விலை உயர்ந்த மென்பொருளுக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

செய்முறை: ஃப்ளோர்பீட்டாபென் என்ற அமிலாய்டு ட்ரேசர் என்றால் 300 மெகாபெக்கரல் கதிரியக்கம், அதாவது எட்டு மில்லிக்யூரி. நோயாளியை மேசையில் படுக்க வைத்து, தலையைக் கட்டி, சி.டி. முடித்து, ஸ்கேனை ஓடவிட்ட பிறகுதான் ஊசி. ஊசி அறையில் போட்டுவிட்டு நடத்திக் கூட்டி வந்தால் முதல் மூன்று நான்கு நிமிடம் போச்சு. அந்தப் படத்துக்கு அர்த்தமே அந்த நிமிடங்களில்தான். பத்து நிமிடம், ஒவ்வொரு கதிர் ஜோடியையும் நேரத்தோடு குறித்துவைக்கும் லிஸ்ட் மோடில் பதிவு. பிறகு இறக்கிவிட்டு, பாத்ரூம் போகச் சொல்லி, ஒரு வாய் தண்ணீரோ காபியோ கொடுத்து உட்கார வையுங்கள். 90ஆம் நிமிடத்தில் மறுபடி ஏற்றி, மிகக் குறைந்த டோஸில் இன்னொரு சி.டி., 20 நிமிடப் பதிவு. அந்த இரண்டாவது சி.டி.யை மிச்சம் பிடிக்க வேண்டாம். தலை அரை சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் பழைய சி.டி. புதிய படத்தோடு பொருந்தாமல் போய், ஒரு பக்கம் போலியாகக் குறைந்து தெரியும். 75 வயதுக்காரரைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து ‘ஒரே ஸ்கேன்’ என்ற பெயரைக் காப்பாற்றுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, காலியத்தை முதலில், ஃப்ளோரினை அடுத்ததாக. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டியின் அறுவைக்குப் பின் மிச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு, அந்தக் கட்டியில் போய் ஒட்டும் காலியம்-68 டோட்டாடேட். அதன் சர்க்கரைப் பசி எவ்வளவு என்பதற்கு எஃப்.டி.ஜி. என்று வையுங்கள். 60 கிலோ எடைக்கு டோட்டாடேட் 120 மெகாபெக்கரல். 45ஆம் நிமிடத்திலிருந்து 65 வரை பதிவு. கடைசி ஐந்து நிமிடத்தைத் தனி ஃப்ரேமாக, அதாவது தனிப் படத்துண்டாக வையுங்கள், அதுதான் அடித்தளம். உடனே எஃப்.டி.ஜி. 185 மெகாபெக்கரல், ஐந்து மில்லிக்யூரி. மங்கிய வெளிச்சத்தில், பேச்சில்லாமல் அரை மணிக்கு மேல். 110 முதல் 125ஆம் நிமிடம் வரை இரண்டாவது பதிவு. அடித்தள ஃப்ரேமில் இருந்த காலியத்தில் 57 சதவீதம் அப்போதும் மிச்சம் இருக்கும். அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

வரிசையை மாற்றினால் கெட்டது. எஃப்.டி.ஜி. மூளைச் செல்லுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், வெளியே வராது. அது நிறைந்த புறணிக்கு (மூளையின் மேலடுக்கு) பக்கத்தில் டோட்டாடேட்டைத் தேடுவது வீண்.

சரியான வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மூளைத் திசு டோட்டாடேட்டை எடுப்பதில்லை; அதனால் புறணியில் கழித்தல் பிசிறில்லாமல் வரும், படம் பார்க்க அழகாக இருக்கும். கட்டிக்குள்ளோ டோட்டாடேட் குவிந்து கிடக்கும், எஃப்.டி.ஜி. கொஞ்சமாக இருக்கும். மொத்தம் 100 என்று வந்து அதில் பழைய மிச்சம் 30 என்றால், மிச்சத்தைக் கணிப்பதில் பத்து சதவீதம் தவறினாலும் விடையில் பிழை நான்கு சதவீதம்தான். மிச்சம் 70, புதியது 30 என்றால் அதே பத்து சதவீதத் தவறு விடையை 23 சதவீதம் புரட்டிவிடும். எந்த இடத்துக்காக ஸ்கேன் எடுத்தோமோ அந்த இடத்தில்தான் எண் நம்ப முடியாததாகிறது. எங்கள் நடைமுறை அளவுகோல்: கட்டிக்குள் மிச்சம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எஃப்.டி.ஜி. அளவை ரிப்போர்ட்டில் எண்ணாக எழுதக் கூடாது. மறுநாள் காலை எஃப்.டி.ஜி.யை மட்டும் தனியாக எடுங்கள். ஒரு ராத்திரியில் காலியம் தடமில்லாமல் போய்விடும். ஃப்ளோரின்-18 கூட 24 மணி நேரத்தில் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அமிலாய்டும் எஃப்.டி.ஜி.யும் இரண்டுமே உண்மையிலேயே தேவைப்பட்டால் அதற்கும் இதே பதில்தான்: மறுநாள். வெளியூர் நோயாளிக்கு ஒரு இரவுத் தங்கல் ஏற்பாடு செய்வது, எந்தப் பிரிப்பு மென்பொருளையும்விடச் சல்லிசு.

கழித்தலைக் கெடுக்கும் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் நிர்வாகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேனரை இயக்கும் கன்சோலில் ஐசோடோப் (எந்தக் கதிரியக்க அணு) என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கலந்த ஸ்கேனில் ஃப்ளோரின்-18 என்று வைத்தால், காலியத்தின் சிதைவுத் திருத்தமும் தப்பு, பாசிட்ரான் விடும் விகிதமும் தப்பு. ஃப்ளோரினில் நூற்றுக்கு 97 சிதைவு பாசிட்ரான் தரும், காலியத்தில் 89தான். அதனால் மட்டுமே காலியம் எட்டு சதவீதம் குறைந்து தெரியும். சிதைவுத் திருத்தத்தை அணைத்து வைத்துப் படத்தை உருவாக்கி, திருத்தத்தை வெளியே தனியாகப் போட வேண்டும். காலியத்தின் பாசிட்ரான் வேகம் அதிகம், அழிவதற்கு முன் தூரமாக ஓடும், படம் கொஞ்சம் மங்கும். இரண்டு படத்தையும் ஒரே கூர்மைக்குக் கொண்டுவராமல் கழித்தால் கட்டியைச் சுற்றி ஒரு வளையம் தோன்றும். அதை உயிருள்ள கட்டி விளிம்பு என்று படித்துவிட்டால் நோயாளிதான் விலை கொடுக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபிரேட்டர் ஒரு நேரம், கன்சோல் ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், டெக்னீஷியன் கைபேசி ஒரு நேரம் என்று ஓடுவது எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு நிமிட வித்தியாசம் ஃப்ளோரினில் ஒன்றேகால் சதவீதம், காலியத்தில் இரண்டு, கார்பன்-11இல் ஆறரைக்கு மேல். ஆக்சிஜன்-15 என்றால் பாதியே போய்விடும். ஒற்றை ட்ரேசர் ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாத பிழை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பல்லைக் காட்டும். தினமும் காலையில் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்கிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு போதும். ஊசி போட்டபின் சிரிஞ்சில் மிஞ்சியதையும் அளந்து நேரத்தோடு எழுத வேண்டும்.

கையில் குத்தி வைக்கும் ஊசிக் குழாய் (வென்ஃப்ளான்) ஒன்றே போதும். ஆனால் இரண்டாவது ஊசிக்கு முன் பத்து மில்லி சலைன் தள்ளி, கை வீங்குகிறதா என்று தொட்டுப் பாருங்கள். முதல் மருந்து வெளியே கசிந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். இரண்டாவது கசிந்தால் முதல் மருந்தின் டோஸ் உடம்பில் ஏறிய பிறகு இரண்டாவது படம் இல்லாமல் அனுப்ப வேண்டிவரும். சுகரை எஃப்.டி.ஜி.க்குச் சற்று முன்னால் மறுபடி பாருங்கள். காலையில் 130 இருந்தவருக்குக் காத்திருந்த நேரத்தில் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். 160ஐத் தாண்டினால் புறணி மங்கும். காத்திருக்கும் அறையில் டிவி ஓடக் கூடாது. சீரியல் பார்த்தபடி எஃப்.டி.ஜி. ஏறியவரின் மூளையின் பின்பகுதி வெளிச்சமாக வரும். கைபேசியில் உறம்பரையோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு வேறு இடம் வெளிச்சமாகும். “கண்ணைத் தொறந்தே வெச்சிருங்க, ஆனா எதையும் பாக்காதீங்க, பேசாதீங்க” என்று அவர்கள் பேச்சிலேயே சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இனி செயற்கை நுண்ணறிவு. கலந்த படத்தைக் கொடுத்தால் இரண்டு தனிப் படமாகத் திருப்பித் தரும் வலைப்பின்னல்கள் வந்திருக்கின்றன, ஆய்வாக மதிக்கத்தக்கவை. வாங்கும் முன் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். எந்த ஜோடி ட்ரேசருக்கு, எத்தனை நிமிட இடைவெளிக்கு, எந்த ஸ்கேனரில் பயிற்சி கொடுத்தீர்கள்? இடைவெளி பத்து நிமிடம் மாறினால் என்ன ஆகும்? பயிற்சிக்கு உண்மையிலேயே இரண்டு மருந்து போட்ட நோயாளிகளா, தனித்தனி ஸ்கேன்களைக் கணினியில் கூட்டிச் செய்த கலவையா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உடம்பில் கதிரியக்கம் இரட்டிப்பானால் தற்செயலாக ஜோடி சேரும் கதிர்கள் நான்கு மடங்காகும். இரண்டு தனி ஸ்கேனைக் கூட்டினால் அவை இரண்டு மடங்குதான் ஆகும். அதாவது கூட்டிச் செய்த கலவை உண்மையைவிடச் சுத்தமானது. அதில் பரீட்சை எழுதித் தேறிய மென்பொருள் உங்கள் மேசையில் தடுமாறும். இன்னொன்று: பயிற்சியில் பார்க்காத விதமான புண்ணை அது வழக்கமான மூளையாக வழவழப்பாக்கிவிடும். குறையிருப்பதே தெரியாத அளவுக்கு அந்தப் படம் அழகாக இருக்கும்.

நெறிமுறைக் குழுவினருக்கு. இரண்டு ட்ரேசரைக் கலந்து எடுத்துப் பிரிப்பது வழக்கமான சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி அதற்குத் தனி ஒப்புதல் படிவம் வேண்டும், தமிழில். அதில் ‘கதிர்வீச்சு குறையும்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். டோட்டாடேட் 120 மெகாபெக்கரல் சுமார் இரண்டரை மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, எஃப்.டி.ஜி. 185 மெகாபெக்கரல் சுமார் மூன்றரை. ஒரே நாளில் போட்டாலும் இரண்டு நாளில் போட்டாலும் மொத்தம் ஆறுதான். மிஞ்சினால் ஒரு சி.டி. மிச்சமாகலாம். இப்படி எழுதினால் நேர்மையாக இருக்கும்: “இரண்டு மருந்தின் கதிர்வீச்சும் உங்கள் உடம்பில் சேரும். உங்களுக்கு மிச்சமாவது ஒரு பயணம். படங்களைச் சரியாகப் பிரிக்க முடியாமல் போனால் மறுபடி வரச் சொல்ல நேரலாம்.” அந்த மறுவருகைக்கு யார் காசு கொடுப்பது என்பதும் படிவத்திலேயே இருக்கட்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தில் அந்த இரண்டு ஐசோடோப்பும் இருக்கின்றனவா, ஒரே நாளில் கையாளும் அளவு வரம்புக்குள் வருகிறதா என்று கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் எழுத்தில் கொடுத்த பிறகே கோப்பு உங்கள் மேசைக்கு வர வேண்டும்.

நிர்வாகத்தினருக்கு, செலவு அதிகமில்லாத மூன்று காரியம். ஒன்று, மூளை ஸ்கேன்களின் லிஸ்ட் மோடு கோப்புகளை வாரக் கடைசியில் அழிக்காதீர்கள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் எந்த ஃப்ரேமையும் புதிதாக வெட்ட முடியாது. நாளைக்கு நல்ல முறை வந்தால் சோதித்துப் பார்க்க உங்களிடம் சரக்கு இருக்க வேண்டும். இரண்டு, நோயாளியைத் தொடும் முன் ஃபாண்டம். பின்னணியில் ஃப்ளோரின்-18, உள் உருளையில் இரண்டும் கலந்து, காலிபிரேட்டரில் அளந்த எண்ணைக் கவரில் ஒட்டி வையுங்கள். பிரித்தவர் சொல்லும் எண் வந்த பிறகு கவரைத் திறங்கள். ஐந்து சதவீதத்துக்குள் வராத குழு அடுத்த படிக்குப் போகக் கூடாது. மூன்று, பில். ஆரம்பப் படமும் கடைசிப் படமும் ஒரே ஊசியில் வந்தவை. அதற்கு இரண்டு பெட் ஸ்கேன் கட்டணம் போடாதீர்கள். ரிப்போர்ட்டிலும் முதல் பத்து நிமிடப் படத்தை ‘ரத்த ஓட்டப் படம்’ என்றே எழுதச் சொல்லுங்கள், ‘எஃப்.டி.ஜி.க்குச் சமம்’ என்று எழுத வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நோயாளி நாளைக்கு வேறு ஊர் நரம்பியல் மருத்துவரிடம் போவார். எடுத்தது என்ன ட்ரேசர், எத்தனையாவது நிமிடம், எவ்வளவு டோஸ் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே அவர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களில் அணு மருத்துவப் பணியில் இருக்கும் சிலர்